கண்ணு போனதுக்கும் துட்டி கேக்கணும்

தம்பி, நீங்க கேட்டது இது தான். கீழக்கரைல உங்க உம்மா, வயசு 63, சுகர் பதினஞ்சு வருசமா இருக்கு, கண் பிரஷரும் (குளுக்கோமா) இருக்கு. வாப்பா மவுத்தாகி, அதாவது இறந்து போய், அஞ்சு மாசம். அதுக்கப்புறம் பார்வை ரொம்ப இறங்கிப் போய் இப்ப எதிர்ல ஆள் வந்தா நிழலா தான் தெரியுது. கொஞ்ச நாளா பொழுது சாயுற மக்ரிபு நேரத்துல திண்ணைல சின்னச் சின்னப் பிள்ளைங்க கலர் சட்டை போட்டுக்கிட்டு நிக்குதுங்கன்னு சொல்றாங்க, ரெண்டு தடவை வாப்பா கட்டில் ஓரமா வந்து உக்காந்திருந்தாகன்னும் சொல்லியிருக்காங்க. சொந்தக்காரங்க பாதிப்பேர் ஜின்னு வேலைங்கிறாங்க, மீதிப்பேர் மூளை கலங்கிருச்சுங்கிறாங்க. கூட இருக்கிற லாத்தா, அதான் உங்க அக்கா, பயந்து போயிருக்காங்க. நீங்க துபாய்ல இருந்துக்கிட்டு, அழுதழுது தான் கண்ணு போயிருச்சான்னு கேக்குறீங்க.

நான் 26 வருசம் கண் மருத்துவ உதவியாளரா இருந்தவ. பாம்பன்ல இருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊர்ல நாங்க முகாம் போடாத ஊர் குறைவு. டாக்டர் இல்ல, அதனால இந்த மருந்தைப் போடுங்க அதை நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க அம்மா, அப்பாவையும் கண்ணையும் ஒரே வருசத்துல தொலைச்சவங்க, நீங்க எழுதுனதுல பாதி எங்க வீட்டுலயே நடந்தது, அதனால கொஞ்சம் நீளமா தான் எழுதுவேன், பொறுமையா படிங்க, லாத்தாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல அந்தப் பிள்ளைங்க விஷயம். நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா இது மூளை கலக்கம் மாதிரி தெரியல. பார்வை நல்லா இறங்குனவங்க நிறைய பேருக்கு இது வரும், பேரு சார்லஸ் பானே சிண்ட்ரோம். 1760ல சார்லஸ் பானேன்னு சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் தன்னோட தாத்தாவைப் பத்தி எழுதி வச்சாரு. தாத்தா நல்ல தெளிவான மனுசன், கண்ணுல புரை, பார்வை கிட்டத்தட்ட போயிருச்சு, ஆனா மனுசங்க, பறவை, வண்டி, கட்டடம்னு இல்லாதது எல்லாம் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது, இல்லாததுன்னு அவருக்கே தெரிஞ்சும் இருந்துச்சு. எப்படி வருதுன்னா, கண்ணுல இருந்து மூளைக்கு நாள் பூரா படம் போய்க்கிட்டே இருந்த இடத்துல திடீர்னு ஒன்னும் வரல, பார்க்கிறதுக்குன்னே இருக்கிற அந்த மூளைப் பகுதி சும்மா இருக்காது, அதுவா படம் போட ஆரம்பிச்சுரும். மூணு நாள் கடல்ல கிடந்துட்டு கரை ஏறுனவங்களைக் கேட்டுப் பாருங்க, வீட்டுல படுத்தாலும் தரை ஆடுதும்பாங்க. அவங்களுக்கு யாரும் பேய் பிடிச்சிருச்சுன்னு சொல்றதில்லையே, உடம்பு இன்னும் படகுலயே இருக்குன்னு நமக்குத் தெரியும்ல, அது மாதிரி தான் இதுவும்.

குட்டிக் குட்டி மனுசங்க, கலர் கலரா துணி, வரிசையா முகம், சுவர் பூரா கட்டம் கட்டமா டிசைன், கொடி படர்ற மாதிரி, பூ மாதிரி, இது தான் பெரும்பாலும் வரும். சத்தம் இருக்காது, பேசாது, வெளிச்சம் மங்குற நேரத்துலயும் தனியா சும்மா உக்காந்திருக்கும்போதும் தான் அதிகமா வரும். உங்க உம்மாவுக்கு மக்ரிபு நேரத்துல வருதுங்கிறதுக்கு ஜின்னு காரணம் இல்ல, வெளிச்சம் இறங்குறது தான். எங்க அம்மாவுக்கு சுவர்ல பாசி வளர்ந்துச்சு. பச்சை பச்சையா கிளை விட்டு ஆடுதுடி, யாராவது சுண்ணாம்பு அடிங்கடின்னுவாங்க. சின்ன வயசுல இருந்து கடலுக்குள்ள முங்கி பாசி எடுத்தவங்க, மூளைக்கு அந்தப் படம் தான் கைவசம் இருந்துச்சு போல.

வரும்போது என்ன செய்யிறது? லாத்தா உடனே லைட்டைப் போடட்டும். உம்மாவைத் தலையை அசைக்காம கண்ணை மட்டும் இடது வலதுன்னு செகண்டுக்கு ஒருக்கா ஒரு பதினஞ்சு இருபது தடவை ஓட்டச் சொல்லுங்க, நிறைய பேருக்கு அதுலயே கலைஞ்சுரும். இல்லாட்டி கண்ணைச் சிமிட்டணும், எந்திரிச்சு நாலு எட்டு நடக்கணும், கையை நீட்டித் தொட்டுப் பார்க்கணும். நிறைய பேருக்கு மாசங்கள் போகப் போக குறையும், சிலருக்கு வருசக் கணக்காவும் இருக்கும், ஆனா என்னன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிரும், பாதி தொல்லை அந்தப் பயத்துல தானே இருக்கு. இதைச் சொன்னா பைத்தியம்னு கட்டிப்போட்டுருவாங்களோன்னு வருசக் கணக்கா வாய் திறக்காம இருந்த வயசானவங்களை நான் பார்த்திருக்கேன். உங்க உம்மா வெளிய சொன்னதே பெரிய விஷயம். அதனால அங்க ஒன்னுமில்லம்மா சும்மா இருங்கன்னு அதட்டாம, எத்தனை பிள்ளைங்க, என்ன கலர் சட்டைன்னு கேளுங்க, கேட்டுட்டு, அது கண்ணு பண்ற வேலைம்மா, உங்க புத்தி நல்லா இருக்குன்னு சொல்லுங்க.

வாப்பா வந்து உக்காந்தாகங்கிறது இதுல சேரலாம், வேறயாவும் இருக்கலாம். கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே துணை போனப்புறம் அப்படி வரும். 1971ல வேல்ஸ்ங்கிற இடத்துல டெவி ரீஸ்ன்னு ஒரு டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைக் கேட்டுப் பார்த்தாரு, கிட்டத்தட்ட பாதிப்பேர், ஆமா, அவங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும், குரல் கேட்கும், உருவம் தெரியும்னு சொல்லியிருக்காங்க. அதுலயும் முக்கால்வாசிப்பேர் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. பெரும்பாலானவங்களுக்கு அது ஆறுதலா தான் இருந்துச்சு. எங்க அம்மா விடியக்காலம் மூணு மணிக்கு அப்பா இருமுறது கேக்குதும்பாங்க, அது அவர் கடலுக்குக் கிளம்புற நேரம். அந்த இருமலைக் கேட்டுட்டு தான் திரும்பித் தூங்குவாங்க. அதை எதுக்கு நாம பிடுங்கணும்?

ஆனா இதையும் கண்டிப்பா கவனிங்க. ஏதோ குரல் திட்டுது, அதைச் செய் இதைச் செய்னு அதிகாரம் பண்ணுதுன்னு சொன்னாலோ, வர்ற உருவத்தை நெசம்னு நம்பி அடிக்க ஓடுனாலோ ஒளிஞ்சாலோ, இது ராத்திரியா பகலான்னு குழம்புனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, புதுசா ஒரு மாத்திரை ஆரம்பிச்சப்புறம் தொடங்குனாலோ, உடனே டாக்டர்கிட்ட போகணும். வயசானவங்களுக்கு யூரின்ல கிருமி வந்தாலே ஆளு குழம்பிப் போவாங்க. இன்னொன்னு, இதை யாரும் யோசிக்கிறதில்ல: துக்கத்துல சாப்பாடு பாதியாக் குறைஞ்சிருக்கும், ஆனா சுகர் மாத்திரையோ ஊசியோ பழைய அளவுலயே போய்க்கிட்டு இருக்கும், அப்ப சுகர் படக்குன்னு இறங்கும். வேர்த்து ஊத்தி, கை நடுங்கி, சம்பந்தம் இல்லாமப் பேசுனாங்கன்னா முதல்ல சுகர் பாருங்க, பார்க்க வழியில்லைன்னா உடனே சீனித் தண்ணி குடுங்க. மாத்திரை அளவைப் பத்தி டாக்டர்கிட்ட இந்த வாரமே பேசுங்க.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. தாராளமா போகட்டும். நானும் போவேன், எங்க ஊர்ல இந்து முஸ்லிம் எல்லாரும் போற இடம், அங்க போய் உக்காந்தா மனசு லேசாகுறவங்களை நான் தடுக்கவே மாட்டேன். ஆனா அங்கேயே தங்க வச்சு ஜின்னு ஓட்டுறேன்னு யாராவது சொன்னா அதுக்கு மட்டும் விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 காலைல ஏர்வாடில மனநோயாளிங்களைத் தங்க வச்சிருந்த ஒரு கொட்டகைல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டிக் கிடந்ததால ஓட முடியல, இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் அதை மறந்திருக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் நிறைய மாறியிருக்கு, மருந்தும் துவாவும் சேர்ந்தே இருக்கணும்னு தர்கா பக்கத்துலயே மனநல டாக்டர்கள் பார்க்கிற ஏற்பாட்டை அரசாங்கமே கொண்டு வந்துச்சு. ஒரு பாத்திஹா ஓதிட்டு அப்படியே கண் டாக்டர்கிட்டயும் போயிட்டு வாங்க, ரெண்டுக்கும் சண்டையில்ல.

இனி உங்க கேள்வி. அழுதா கண்ணு போகாது தம்பி. எவ்வளவு அழுதாலும் போகாது. இதை உம்மா காதுல விழுற மாதிரி ரெண்டு தடவை சொல்லுங்க, ஏன்னா நம்ம ஊர்ல வந்தவங்க போனவங்க எல்லாம் அழுதழுது கண்ணைக் கெடுத்துக்கிட்டியேன்னு அவங்க தலைலயே பழியைப் போட்டுட்டுப் போவாங்க, அப்புறம் அந்த மனுஷி அழவும் முடியாம இருக்கவும் முடியாம தவிப்பாங்க. எனக்கு சந்தேகம் எங்கன்னா, அந்த அஞ்சு மாசத்துல கண்ணு சொட்டு மருந்தை யாரு போட்டது?

எங்க வீட்டுல அப்பா தான் போடுவாரு. ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு, அம்மாவை வாசப்படில உக்கார வச்சு, நெத்தியை ஒரு கையால அண்ணாந்து பிடிச்சு, கண்ணுக்கு ஒரு சொட்டு. பத்து வருசத்துல அம்மா அந்த பாட்டிலைத் தொட்டதே இல்ல. அப்பா போனப்புறம் நாலாவது மாசம் மாடக்குழியைத் தொடைக்கும்போது நான் பார்த்தேன், அவர் செத்த வாரம் பிரிச்ச பாட்டில் அப்படியே முக்கால்வாசி இருக்கு. நாலு மாசம். ஊருக்கெல்லாம் சொட்டு மருந்து விடாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தவ நான், என் அம்மாவைக் கேக்கல. கேட்டதுக்கு அம்மா சொன்னாங்க, அவர் கை இல்லாம எதுக்குடி அது. கண் பிரஷர்ல போன பார்வை திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்தத் தான் சொட்டு மருந்து, விட்டுட்டா வலியில்லாம சத்தமில்லாம நரம்பு செத்துக்கிட்டே வரும். ஓரப் பார்வை போய் நடுப் பார்வை மட்டும் மிச்சம் இருந்தவங்களுக்கு அந்த நாலு மாசத்துல அதுவும் பாதி போச்சு.

உங்க வீட்டுல இத்தா வேற இருந்திருக்கும், புருசன் போனவங்க வீட்டோட இருக்கிற நாலு மாசம் பத்து நாள். வெளிய போகக்கூடாதுன்னு செக்கப்புக்குப் போகாம, மருந்து தீர்ந்ததை யார்கிட்டயும் சொல்லாம இருந்த உம்மாமாரை கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நான் நிறையப் பார்த்திருக்கேன். மருத்துவ அவசியத்துக்கு இத்தாவுலயும் போயிட்டு வரலாம்னு தான் மார்க்கம் படிச்ச ஆலிம்கள் சொல்றாங்க. உங்களுக்கு அந்த நாள் முடிஞ்சிருச்சு, ஆனா இதைப் படிக்கிற இன்னொரு வீட்டுக்கு இப்ப நடந்துக்கிட்டு இருக்கலாம், உங்க ஜமாஅத் ஆலிம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க, நாள் கடத்தாதீங்க.

அதனால லாத்தாகிட்ட இன்னைக்கே போன் போட்டு பாட்டிலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. என்னைக்குப் பிரிச்சது, எத்தனை வேளை, தீர்ந்து எத்தனை நாள் ஆச்சு. பிரிச்ச பாட்டிலை பொதுவா ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது, பிரிச்ச தேதியை மேல எழுதி வைக்கணும். ரெண்டு மருந்து இருந்தா ஒன்னுக்கு ரப்பர் பேண்டு போட்டு விடுங்க, கையாலயே வித்தியாசம் தெரியும். ஒன்னு விட்டு அஞ்சு நிமிசம் கழிச்சு தான் அடுத்தது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கு ஓரமா இருக்கிற கண் முனையை விரலால ஒன்னு ரெண்டு நிமிசம் அமுக்கிப் பிடிக்கணும், மருந்து தொண்டைக்கு இறங்காம கண்ணுலயே நிக்கும். ஆஸ்துமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், சில பிரஷர் சொட்டு மருந்து மூச்சு இழுப்பைக் கூட்டும். அதே மாதிரி கண்ணு சிவந்திருக்குன்னு மெடிக்கல்ல தானா கேட்டு சொட்டு மருந்து வாங்குற பழக்கம் நம்ம கடற்கரைல ரொம்ப உண்டு, உப்புக்காத்து வெயில்ல எல்லாருக்கும் கண்ணு உறுத்தும்ல, அதுல ஸ்டீராய்டு கலந்தது மாட்டுச்சுன்னா கண் பிரஷரையும் ஏத்தும், புரையையும் சீக்கிரம் கொண்டு வரும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

அப்புறம், கண்ணு போச்சு போச்சுன்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. உங்க உம்மாவுக்கு மூணு விஷயம் கலந்திருக்கலாம். பிரஷர்ல போனது திரும்பாது. ஆனா சுகர்னால விழித்திரைல நீர் கோத்திருந்தாலோ ரத்தம் கசிஞ்சிருந்தாலோ லேசர், ஊசி, ஆபரேஷன்னு வழி இருக்கு, நாள் ஆக ஆகத் தான் கஷ்டம். புரை சேர்ந்திருந்தா அதை எடுத்தாலே கொஞ்சம் வெளிச்சம் கூடும். ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் காட்டலாம், விழித்திரை விஷயமா விரிவாப் பார்க்க மதுரை அரவிந்துக்கு நம்ம பக்கத்துல இருந்து காலம் காலமா போறாங்க, 1976ல டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர்டு ஆனப்புறம் 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, அவரே மூட்டுவாதத்துல விரல் எல்லாம் கோணிப் போனவரு, அந்தக் கையை வச்சுக்கிட்டே ஆயிரக்கணக்கான பேருக்குக் கண் ஆபரேஷன் செஞ்சவரு. போனா டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க: போனதுல எது திரும்பும், எது திரும்பாது, இருக்கிறதை வச்சு வாழுறதுக்கு லோ விஷன் பிரிவுல யாரைப் பார்க்கணும். மூணாவது கேள்வியை நம்ம ஆளுங்க கேக்குறதே இல்ல, இனி ஒன்னும் செய்ய முடியாதுன்னதும் எந்திரிச்சு வந்துடுறாங்க. லென்சு, வெளிச்சம், வெள்ளைக் கோல் பழக்கம் எல்லாம் அங்க இருந்து தான் ஆரம்பிக்கும்.

இப்ப நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கிறதைச் சொல்றேன். வாப்பா மவுத்தானப்ப ஊரே வந்திருக்கும். மூணாம் நாள், நாப்பதாம் நாள், துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, தொண்டில இருந்தும் சென்னைல இருந்தும் ஆள் வந்திருக்கும். அழறதுக்கு ஒரு இடம், ஒரு நாள் கணக்கு, கூட உக்காந்து அழ நாலு பேர், எல்லாம் இருந்திருக்கும். ஆனா உங்க உம்மாவுக்குக் கண்ணு போனதுக்கு யாராவது துட்டி கேக்க வந்தாங்களா? ஒருத்தரும் வரமாட்டாங்க. எங்க அம்மாவுக்கும் வரல. பேரப்பிள்ளை முகம் இனி தெரியாது, கண்ணாடில தன் முகமே தெரியாது, அரிசில கல்லு பொறுக்க முடியாது, இதெல்லாம் ஒரு சாவு தானே. அதுக்கு அழுதா, வயசானா அப்படித் தான்னு சொல்லிடுவாங்க. அதனால அந்த அழுகை எல்லாம் வாப்பா பேருலயே வெளிய வரும், இவங்க இன்னுமா அவரை நினைச்சு அழுறாங்கன்னு சுத்தி இருக்கிறவங்களுக்கு அலுப்பு வரும். ஒரு நாள் உக்காந்து, கண்ணு போனதுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எதும்மான்னு மட்டும் கேளுங்க, கேட்டுட்டு ஆறுதல் சொல்லாம இருங்க. எங்க அம்மாகிட்ட நான் கேட்டதுக்கு, அப்பா போட்டோ தான்னாங்க. பெரிசா என்லார்ஜ் பண்ணி மாலை போட்டு மாட்டி வச்சிருந்தோம், வர்றவங்க எல்லாம் பார்த்து அழுதாங்க, அம்மாவுக்கு அது வெறும் சுவர்.

அதுக்கப்புறம் அப்பா வலை பின்னுன ஊசியைக் கொண்டு வந்து கைல குடுத்தேன். பிடிக்கிற இடம் தேஞ்சு வழவழன்னு இருக்கும். அதை விரலால தடவித் தடவி, இந்தப் பக்கம் தான் அவுக பெருவிரல் இருக்கும்னு காட்டுனாங்க. தலையணைக்கு அடியில தான் இப்பவும் இருக்கு. உங்க வாப்பாவோட தொப்பி, சட்டை, தஸ்பீஹ் மணி, எதையும் துவைச்சு தர்மம் பண்ணிடாம ஒன்னு ரெண்டை உம்மா கைக்கு எட்டுற மாதிரி வைங்க. அவர் உங்களுக்கு அனுப்புன வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருந்தா இன்னைக்கே வேற இடத்துலயும் சேவ் பண்ணிக்கோங்க, போன் மாத்தும்போது போயிரும். அதை உம்மா கேக்கும்போது தான் போட்டுக் காட்டணும், நீங்களா திடுதிப்புன்னு போடாதீங்க.

துக்கத்துக்கு இத்தனை படி, ஒன்னொன்னா ஏறி முடிச்சா சரியாயிரும்னு சில பேர் சொல்லுவாங்க, அப்படி வரிசையா நடக்கிறதே இல்ல. 1999ல ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதுனது தான் நான் வீடுகள்ல பார்த்ததுக்குப் பொருந்துது: ஆளு கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள போவாங்க, கொஞ்ச நேரம் வாழ்க்கை வேலைக்குள்ள வருவாங்க, திரும்பப் போவாங்க, இந்தப் போக்குவரத்து தான் ஆரோக்கியம். ஆனா பார்வை போனவங்களுக்கு ஒரு சிக்கல், வாழ்க்கை வேலைங்கிற பக்கத்தை நாம அடைச்சு வச்சுடுறோம். பாவம் கண்ணு தெரியாது, உக்காருங்க, தொடாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம். அப்ப அவங்களுக்கு நாள் பூரா போக இழப்புன்னு ஒரு இடம் தான் இருக்கு.

வாப்பா உம்மாவுக்குக் கண்ணா இருந்து என்னென்ன செஞ்சாருன்னு லாத்தாவும் நீங்களும் யோசிச்சுப் பாருங்க. மாத்திரை எடுத்துக் குடுத்திருப்பாரு, போன் போட்டுக் குடுத்திருப்பாரு, ரூபாயை எண்ணியிருப்பாரு, ராத்திரி பாத்ரூமுக்குக் கூட எந்திரிச்சிருப்பாரு. ஒவ்வொன்னையும் நீங்க எடுத்துக்கிறதை விட உம்மாவே செய்ய வழி பண்ணுங்க. மாத்திரைக்கு காலை மதியம் ராத்திரின்னு மூணு வேற வேற மாதிரி டப்பா, ஒன்னு வட்டம், ஒன்னு சதுரம், ஒன்னு மூடி சொரசொரன்னு. போனுக்குப் பட்டன் செட்டே போதும், 5 நம்பர் மேல சின்னப் புள்ளி மேடு இருக்கும், அதை வச்சு விரல் வழி கண்டுபிடிச்சுக்கும், 2 அமுக்குனா லாத்தா, 3 அமுக்குனா நீங்கன்னு வச்சுக் குடுங்க. ரூபாய் நோட்டுல ஓரத்துல மேடான கோடு இருக்கு, 500ல அஞ்சு, 100ல நாலு, 200ல நாலு கோட்டுக்கு நடுவுல ரெண்டு வட்டம், ஆனா நிறைய வருசம் சுகர் இருந்தவங்களுக்கு விரல் மரத்திருக்கும், பழைய நோட்டுல ஒன்னும் தெரியாது, அதனால மடிப்பு தான் நல்லது: 100 ஒரு மடிப்பு, 200 ரெண்டு மடிப்பு, 500 நீளவாக்குல. இதே காரணத்துக்காக தான் இந்த வயசுல பிரெயில் கத்துக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துறதில்ல.

சாப்பாட்டுல வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறு வச்சா மிச்சம் இருக்கிற பார்வைக்கும் ஒன்னும் தெரியாது, எவர்சில்வர் கண்ணு கூசும். வாழை இலைல வைங்க, பச்சைக்கு மேல வெள்ளை எடுப்பாத் தெரியும், இல்ல கரும்பச்சை, சிவப்பு தட்டு வாங்குங்க. மீன்ல முள்ளை எடுத்துப் பிசைஞ்சு ஊட்டாதீங்க, முள்ளெடுக்க நம்ம கடற்கரைக்காரங்களுக்குக் கண்ணு வேணாம். உங்க ஊர் வீட்டு நிலைப்படி உயரமா இருக்கும், அந்த விளிம்புல மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடிங்க. நாற்காலியை இடம் மாத்தாதீங்க, கதவை ஒன்னு முழுசாத் திறங்க இல்ல முழுசா மூடுங்க, பாதியில நிக்கிற கதவு தான் நெத்தியைப் பொளக்கும். நடக்கும்போது நீங்க அவங்க கையைப் பிடிச்சு இழுக்காம, அவங்க உங்க முழங்கைக்கு மேல பிடிச்சுக்கட்டும், நீங்க அரை எட்டு முன்னாடி போங்க. ரூமுக்குள்ள வந்தா பேரைச் சொல்லிட்டு வாங்க, போகும்போது போறேன்னு சொல்லிட்டுப் போங்க. சொல்லாமப் போயிட்டா வெறும் காத்துகிட்ட பேசிக்கிட்டு இருப்பாங்க, அது தெரிய வரும்போது படுற வேதனை இருக்கே, துணையை இழந்தவங்களுக்கு அது ரெட்டிப்பா வலிக்கும்.

எங்க அம்மாவை எந்திரிக்க வச்சது நான் சொன்ன ஆறுதல் இல்ல. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் காஞ்ச பாசியை ஒரு சாக்குல கொண்டு வந்து முன்னால கொட்டிட்டு, மண்ணும் சிப்பியும் கலந்து கிடக்கு, எனக்கு நேரமில்ல, நீயே ஆய்ஞ்சு குடுன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, கண்ணு தெரியாத மனுசிகிட்ட இப்படியான்னு. அம்மா கையை உள்ள விட்டாங்க. ரெண்டு நிமிசம் சும்மா இருந்தாங்க. அப்புறம், இதுல மரிக்கொழுந்துப் பாசியோட கட்டக்கோரைப் பாசியையும் கலந்து வச்சிருக்காளே, விலை போகுமான்னு திட்டிக்கிட்டே பிரிக்க ஆரம்பிச்சாங்க. முப்பது வருசம் விரல்ல துணி சுத்திக்கிட்டு பாறையில இருந்து பிச்சு எடுத்த கை அது, கடலுக்குள்ள கலங்கல்ல என்னைக்கு அவங்க கண்ணால பார்த்தாங்க. சாயந்திரத்துக்குள்ள ரெண்டு குவியல். அன்னைக்கு ராத்திரி தான், எட்டு மாசத்துல முதல் தடவையா, சொட்டு மருந்தைக் குடு நானே விட்டுக்கிறேன்னு கேட்டாங்க. உங்க உம்மாவுக்கு அது பாசியா இருக்காது, இடியாப்பம் பிழியுறதா இருக்கலாம், பின்னுறதா இருக்கலாம், பிள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்கிறதா இருக்கலாம், கைக்கும் வாய்க்கும் தெரிஞ்ச வேலை ஏதோ ஒன்னு இருக்கும். உதவியாக் கேளுங்க, பொழுதுபோக்கா குடுக்காதீங்க.

சர்ட்டிபிகேட் விஷயம் சுருக்கமா. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கிற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நல்ல கண்ணுல, கண்ணாடி போட்டும் 3/60க்குக் கீழ (மத்தவங்க 60 மீட்டர்ல பார்க்கிறதை 3 மீட்டர்ல கூடப் பார்க்க முடியாத அளவு) இருந்தா பார்வையற்றவர் கணக்கு. எழுத்து ஓரளவு படிச்சுட்டா இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயப்படாதீங்க, கண் பிரஷர்காரங்களுக்கு ஓரப் பார்வை சுருங்கி 10 டிகிரிக்குள்ள வந்திருந்தாலும் அதே கணக்கு தான், அந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை கையோட கொண்டு போங்க. அட்டை வாங்குறதை அவமானம்னு உம்மா நினைச்சா அவசரப்படுத்தாதீங்க, ரெண்டு மாசம் கழிச்சுக் கேளுங்க.

சாப்பாடே வேண்டாம்னு ஒதுக்குனாலோ, தூக்கமே இல்லாம வாரக்கணக்கா இருந்தாலோ, நானும் அவுக கிட்டயே போயிடுறேன்னு திரும்பத் திரும்பச் சொன்னாலோ அதைப் பேச்சுக்குச் சொல்றதுன்னு விட்டுடாதீங்க. 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. லாத்தாவும் பேசலாம், பார்த்துக்கிறவங்களுக்கும் சேர்த்து தான் அது.

லாத்தாவைப் பத்தி நீங்க ஒரு வரி தான் எழுதியிருந்தீங்க. அவங்களும் வாப்பாவை இழந்தவங்க தான் தம்பி, அதுக்கு உக்காந்து அழ அவங்களுக்கு நேரமே கிடைச்சிருக்காது. பணம் அனுப்புறதோட, வாரத்துல ஒரு நாள் வேற யாராவது வந்து உம்மாகூட இருக்க ஏற்பாடு பண்ணுங்க, லாத்தா சும்மா கடைத்தெருவுக்காவது போயிட்டு வரட்டும். கண் பிரஷரும் சுகரும் ரத்த சொந்தத்துல வரக்கூடியது, லாத்தாவுக்கு 40 தாண்டிருச்சுன்னா இந்த மாசமே கண்ணைக் காட்டச் சொல்லுங்க, நல்லாத் தெரியுதேன்னு தள்ளிப் போடக்கூடாது, ஆரம்பத்துல ஒன்னும் தெரியாது. நீங்களும் லீவுல வரும்போது காட்டுங்க. கண் பாப்பா விரிய சொட்டு விட்டுப் பார்ப்பாங்க, நாலஞ்சு மணி நேரம் மங்கலா இருக்கும், வெயில் கூசும், அன்னைக்கு பைக் எடுக்காதீங்க, பஸ்லயே போயிட்டு வாங்க.